பார்லி டீ பாட்டின் மீதி

"இந்தப் பாட்டுக்கு மீதி எங்க?" என்று வஜீதா ஒரு நாள் ஹெப்சியைக் கேட்டாள்.

கேன்டீனுக்குப் பின்பக்கம், டிபன் பாக்ஸ் கழுவும் குழாயடியில் கேட்ட கேள்வி அது. ஹெப்சி ஏதோ முனகிக்கொண்டே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஆள் நிற்பது தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள்.

"மூணு நாளா பாத்துட்டு இருக்கேன். ஒரே இடத்துல ஆரம்பிக்கிற, ஒரே இடத்துல நிறுத்துற. மூடி கழுவி முடிக்கறதுக்குள்ள பாட்டும் முடிஞ்சுடுது. நல்லா ஏறிப் போற நேரத்துல பொசுக்குனு விட்டுட்டா, கேக்கறவளுக்குப் பேஜாரா இருக்காதா?"

ஹெப்சி குழாயை மூடினாள். பாக்ஸைத் துப்பட்டாவால் துடைத்தாள். லைனுக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். யார் என்ன கேட்டாலும் அவள் தரும் பதில் பெரும்பாலும் இதுதான்.

மாதனூர்ப் பக்கம் ஹைவேயை ஒட்டியிருக்கும் அந்த ஷூ கம்பெனியில் அவள் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஷூவின் மேல் பாகத்தைத் தைக்கிற நாலாம் லைன். நாற்பது பெண்கள். வஜீதா அவளுக்குப் பக்கத்து மெஷின், ஏழெட்டு வயது மூத்தவள். லைனில் யாருக்குச் சம்பளம் குறைந்தாலும், யாருக்கு வயிற்று வலி என்றாலும், சூப்பர்வைசர் காசிநாதனிடம் போய் நிற்பது வஜீதாதான். ஹெப்சிக்குப் பேச வேண்டிய பேச்சையெல்லாம் முதல் வாரத்திலிருந்தே அவள்தான் பேசினாள். ஹெப்சிக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. சில சமயம் எரிச்சலும் வந்தது. பேசுகிறவள் நன்றாகத்தான் பேசினாள், ஆனால் ஹெப்சி நினைத்ததைப் பேசவில்லை.

பள்ளிக்கூடத்தை ப்ளஸ் ஒன் பாதியில் விட்டவள் ஹெப்சி. அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் காலில் அடிபட்டது, அதனால்தான் நின்றாள் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அடிபட்டது உண்மைதான். அதற்கு நாலு நாள் முன்னால் வகுப்பில் அவள் முறை வந்து, ஒரு பாடத்தை எல்லார் முன்னாலும் நின்று விளக்கச் சொன்னார்கள். கரும்பலகை பக்கத்தில் கால் மணி நேரம் நின்றாள். ஒரு சொல் வரவில்லை. முதல் பெஞ்சில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமியது மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்ட காலோடு வந்தபோது, அழுகையோடு அழுகையாக, இனி பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அவளுக்கு வந்தது. அதற்காகப் பல ராத்திரி ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

வாயில் வராதது கையில் வந்தது. மின்னூரில் அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு ஷூ பெட்டி உண்டு. அதில் நாலு நோட்டு. நாலிலும் விளம்பரங்கள்.

அது ஆரம்பித்தது காசிநாதனால். புதிதாக வந்த ஜப்பான் மெஷினுக்கு நூல் கோக்கிற வீடியோ ஒன்றை லைன் குரூப்பில் போட்டார் அவர். ஹெப்சி வீட்டில் அண்ணன் இவானின் பழைய போனில் அதைப் பார்த்தாள். வீடியோ முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததைப் போட்டது. ஜப்பானில் எங்கோ கடலோரமாக ஒரு ரயில். ஒரு பெண் இறங்கி வீட்டுக்கு வருகிறாள், பாட்டில் மூடியைத் திருகுகிறாள், கண்ணாடி டம்ளரில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஊற்றிக் குடிக்கிறாள், "ஹா" என்று மூச்சு விடுகிறாள். பின்னால் ஒரு பெண் குரல் பாடுகிறது. முப்பது வினாடி. அவ்வளவுதான். ஹெப்சி அதைப் பதினோரு தடவை பார்த்தாள்.

அது பார்லி டீ. அதற்குப் பின்னால் டப்பா காப்பி வந்தது, எலுமிச்சை சோடா வந்தது, வியர்வைக்குக் குடிக்கிற ஒரு வெள்ளைத் தண்ணீர் வந்தது. அந்த வெள்ளைத் தண்ணீர் விளம்பரத்தில் யூனிஃபார்ம் போட்ட நூறு பெண் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடுவார்கள். எதிலும் யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டியதைப் பாட்டு பேசிவிடுகிறது. மற்றவர்கள் குடிக்கிறார்கள், மூச்சு விடுகிறார்கள். இப்படி ஒரு ஊர் இருந்தால் அங்கே தானும் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஹெப்சிக்குத் தோன்றியது.

கீழே எழுதியிருந்த கமென்டுகளைத் தமிழில் மாற்றிப் படித்தாள். அவை விளம்பரத்துக்கென்றே கட்டிய பாட்டுகள் இல்லையாம். பெரிய பாடகர்களின் பாட்டுகள், அங்கே ஊரே பாடுகிறவை. நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி டீக்கும் காப்பிக்கும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடையில் அந்த டீயைக் குடித்தவனுக்கு அந்தப் பாட்டு, அந்தப் பாட்டைக் கேட்டவனுக்கு அந்த டீ ஞாபகம் வரும். பருவம் முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். இது தெரியாமல் ஒரு நாள் காலையில் டப்பா காப்பியைத் தேடினால், இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம்தான் இருந்தது. அன்றைக்கு வாங்கியதுதான் முதல் நோட்டு. எந்தப் பானம், எத்தனை வினாடி, யார் என்ன செய்கிறார்கள், பாட்டு எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்குகிறது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். ஏற்றத்துக்கு மேலே புள்ளி, இறக்கத்துக்குக் கீழே புள்ளி. பார்லி டீ விளம்பரமும் போவதற்கு முன்னால் அதை மட்டும் அம்மாவின் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு பண்ணிக்கொண்டாள். நடுவில் குக்கர் விசில் விழுந்துவிட்டது. இரண்டாவது பதிவு எடுப்பதற்குள் விளம்பரம் போய்விட்டது.

வஜீதா கேட்ட அன்று ராத்திரி ஹெப்சி அந்தப் பாட்டின் முழுசைத் தேடிப் பிடித்தாள். நாலே முக்கால் நிமிஷம். முதல் ஒரு நிமிஷம் யாரோ எங்கேயோ கிதாரை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முப்பது வினாடி வந்தது, வந்த வேகத்தில் போனது. அதற்கப்புறம் டிரம்ஸும் அலறலும். இது இல்லை மீதி என்று போனை மூடினாள். பின்னே எது மீதி? நாலாவது நோட்டை எடுத்து மெட்டைப் புள்ளிகளாக எழுதினாள். அடியில் தமிழில் நாலு வரி வந்தது. மறுநாள் இன்னும் நாலு.

மூன்று வாரம் அதோடுதான் கிடந்தாள். மெஷினை மிதிக்கும்போது ஒரு சொல் வரும், அது நழுவாமல் இருக்க மாலை வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் ஒரு சொல் மாறும். கடைசியில் மூன்று சரணம் நின்றது.

*நாலு மணிக்கு டீ வரும்,*
*நாற்பது கையும் நீளும்.*
*பசை காய்ஞ்ச விரலிலே*
*சூடு மெல்ல ஏறும்.*

இது முதல் சரணம். இரண்டாவது, மாதக் கடைசியில் ஆர்டர் நெருக்கும்போது லைனில் யாரும் யாரோடும் பேசாமல் இருக்கிற மௌனத்தைப் பற்றி. மூன்றாவதுதான் அவளுக்கே பிடித்தது.

*ஊசி ஏறும் தோலிலே*
*ஊரைத் தாண்டிப் போகும்.*
*யாரோ நடக்கும் தெருவிலே*
*எங்க தையல் தேயும்.*

இதை எழுதிவிட்டு ஹெப்சி மறுபடி முதலிலிருந்து படித்தாள். இதுவரை எழுதியதெல்லாம் தனக்காக. இது அப்படி இல்லை. இதை லைன் கேட்க வேண்டும். லைனிலேயே மூத்த தனகோடியக்கா கேட்க வேண்டும், பசை தடவுகிற பேஸ்டிங் டேபிளில் நிற்கிற பெண்கள் கேட்க வேண்டும். தன் வாயிலிருந்து வேண்டாம், வேறு யார் பாடினாலும் சரி, ஆனால் கேட்க வேண்டும். இப்படி ஓர் ஆசை அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. வந்தபின் அது பசி மாதிரி இருந்தது.

ஆசைக்கு வழியும் வந்தது. ஜனவரி கடைசியில் ஜப்பானிலிருந்து நாலு பேர் வருகிறார்கள், பெரிய ஆர்டர், பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று எச்.ஆர். பிரிஸ்கில்லா மேடம் லைன் லைனாக வந்து சொன்னார். வரவேற்புக்கு ஒரு கலை நிகழ்ச்சி வேண்டுமாம். போன தடவை சினிமாப் பாட்டுக்கு ஆடி வைத்ததில் எம்.டி.க்குக் கோபம், இந்த முறை கண்ணியமாக ஏதாவது செய்யுங்கள் என்றார். பிரிஸ்கில்லா மேடம் சொல்லி வாயை மூடுவதற்குள் வஜீதா எழுந்துவிட்டாள்.

"மேடம், நம்ம ஹெப்சிக்கு ஜப்பான் பாட்டே தெரியும்."

நாற்பது தலைகளும் திரும்பின. ஹெப்சிக்கு அந்த நிமிஷம் மெஷினுக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. பிரிஸ்கில்லா மேடம் பக்கத்தில் வந்து, அப்படியா, பாடு பார்க்கலாம் என்றார். ஹெப்சி தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவ பாட மாட்டா மேடம், எங்களுக்குச் சொல்லித் தருவா, நாங்க எட்டுப் பேர் பாடறோம் என்று வஜீதாவே முடித்துவைத்தாள். மூன்று நிமிஷம் என்று நேரமும் முடிவாயிற்று.

முப்பது வினாடிப் பாட்டை மூன்று நிமிஷம் எப்படிப் பாடுவது? அன்றைக்கு மாலை பஸ்ஸில், ஒரு ஏ ஃபோர் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதிய மூன்று சரணத்தையும் ஹெப்சி வஜீதாவிடம் நீட்டினாள். நாலு தடவை எழுதிக் கிழித்த தாள். முதலில் தமிழ், கடைசியில் ஜப்பான் என்று மட்டும் சொன்னாள். வஜீதா பஸ் குலுக்கலில் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நல்லாத்தான் இருக்குது என்றாள். எந்த புக்குல புடிச்ச என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், உங்க சர்ச்சுல இந்த மாதிரி நிறைய புக்கு வச்சிருப்பாங்க இல்ல என்று அவளே சொல்லிக்கொண்டாள். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

நான் எழுதியது என்று சொல்ல ஹெப்சிக்கு அப்போது ஒரு வினாடி கிடைத்தது. அதை விட்டுவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம், அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கும் குடோனில் பழகினார்கள். எட்டுப் பேரும் பெரிய பாடகிகள் இல்லை. ஆனாலும் நாலாம் நாள் தமிழ் ஒழுங்காக வந்துவிட்டது. ஹெப்சி ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து, ஏறும் இடத்தில் கையைத் தூக்கினாள், இறங்கும் இடத்தில் இறக்கினாள். தன் சொற்கள் எட்டு வாயிலிருந்து வருவதை முதன்முதலாகக் கேட்டபோது காது சூடாகிவிட்டது. எங்க தையல் தேயும் என்ற இடத்தில் தனகோடியக்கா பாடுவதை நிறுத்தினாள். இருபத்து மூன்று வருஷம் இதே வேலை பார்த்தவள் அவள்.

"யாருடி இதை எழுதினது? நம்ம லைன்ல குந்திப் பாத்தவ மாதிரி எழுதியிருக்கா."

ஹெப்சியின் வாய் திறந்தது. வஜீதா முந்திக்கொண்டாள். "ஏதோ பழைய புக்கு, தனகோடியக்கா. டைம் ஆவுது, நீங்க பாடுங்க."

ஹெப்சியின் வாய் மூடிக்கொண்டது. அன்று மாலை முழுவதும் அவளுக்கு ஊசிமுனை இடத்துக்கு இடம் விலகியது. ஏழு பீஸை காசிநாதன் திருப்பி அனுப்பினார்.

ஜப்பான் பகுதிக்கு வந்தபோதுதான் எல்லாம் கை மீறிப் போயிற்று. ஹெப்சி பதிவை வஜீதாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். எட்டுப் பேரும் அதைத்தான் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். பாட்டு எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டில் மூடி திருகுகிற 'க்ரிக்' சத்தத்தை ஒருத்தி நாக்கால் போட்டாள். டீ ஊற்றுகிற சத்தத்தை இரண்டு பேர் போட்டார்கள். மடக் மடக்கென்று குடிப்பது ஒருத்தி. "ஹா" என்று எட்டுப் பேரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். விளம்பரத்தின் கடைசியில் ஓர் ஆண் குரல் கனமாக டீயின் பேரைச் சொல்லும், அது தனகோடியக்கா. அவளுக்கு இயல்பிலேயே கட்டைக் குரல். குக்கர் விசிலையும் ஒருத்தி அடித்துப் பார்த்தாள். அது எங்க வீட்டு குக்கர் என்று ஹெப்சி சொன்னதும் குடோனே சிரித்தது. அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

"அக்கா, அந்த மூடி, அந்த ஹா, அதெல்லாம் பாட்டு இல்லக்கா. விளம்பரம்" என்று ஹெப்சி மறுநாள் மெல்லச் சொன்னாள்.

"இருக்கட்டுமே. எவ்ளோ ஜோரா இருக்குது அது. அதை எடுத்துட்டா வேற இன்னா இருக்குது இதுல?"

அது வஜீதாவின் சுபாவம். மனசில் வஞ்சம் கிடையாது. ஒன்று பிடித்துவிட்டால் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபது நிமிஷத்தில் பதினைந்து நிமிஷம் மடக் மடக்குக்குப் போயிற்று. தமிழ் ஒரு தடவை, அதுவும் ஓட்டமாக. ஹெப்சி அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லை, ஒரு தடவையாவது பாடுவார்களே, அன்றைக்கு லைன் முழுக்க நிற்குமே என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ லாரி கவிழ்ந்து டிராஃபிக் என்றார்கள். நாற்பது பெண்களும் புது ஏப்ரனோடு சுவரோரம் வரிசையில் நின்றார்கள். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. வரவேற்கக் கையில் வைத்திருந்த ரோஜாப்பூவெல்லாம் வாடியது. பன்னிரண்டே காலுக்கு இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் வந்தார்கள், கூடவே சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர். எம்.டி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காசிநாதன் குனிந்த மாதிரியே ஓடிவந்து, ஒரு நிமிஷம்தானாம், சீக்கிரம் என்றார். பிரிஸ்கில்லா மேடம் தூரத்திலிருந்து வஜீதாவைப் பார்த்து, இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக் காட்டினார். கடைசிப் பகுதி மட்டும் என்று வாயசைத்தார்.

ஹெப்சி வரிசையில் ஒன்பதாவது ஆளாக, தூணை ஒட்டி நின்றிருந்தாள். வஜீதா திரும்பித் தன்னைப் பார்ப்பாள், ஒரு பார்வையாவது பார்ப்பாள் என்று நினைத்தாள். வஜீதா திரும்பவில்லை. எட்டுப் பேருக்கும் கண்ணைக் காட்டினாள். 'க்ரிக்' என்று மூடி திறந்தது.

முப்பது வினாடி. ஏறும் இடத்தில் ஏறினார்கள், இறங்கும் இடத்தில் இறங்கினார்கள், ஊற்றினார்கள், மடக் மடக்கென்று குடித்தார்கள், "ஹா" என்றார்கள். தனகோடியக்கா ஓரடி முன்னால் வந்து, அந்த ஆண் குரலில் டீயின் பேரைச் சொன்னாள்.

 வந்திருந்தவர்களில் வயதான பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மற்ற மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், அவ்வளவு நேரம் விறைப்பாக நின்ற எம்.டி.யும் சிரித்துவிட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவங்க பிள்ளைங்க சின்ன வயசுல குடிச்ச டீயாம், வீட்டு ஞாபகம் வந்துடுச்சாம், இன்னொரு தடவை பாட முடியுமான்னு கேக்கறாங்க என்றார் மொழிபெயர்ப்பாளர்.

இன்னொரு தடவை.  இப்போது தமிழ் பாடலாம். இப்போது நேரம் இருக்கிறது. ஹெப்சி தூணை விட்டு ஓரடி முன்னால்கூட வந்துவிட்டாள். "அக்கா" என்றாள். அந்தக் குரல் முன் வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. 'க்ரிக்' என்று மறுபடியும் மூடி திறந்தது.

மூன்றாவது தடவை போனில் படம் பிடிப்பதற்காக. அதில் வந்தவர்களும் சேர்ந்து "ஹா" என்றார்கள். சுவரோரம் நின்ற பெண்கள் எல்லாரும் கை வலிக்கக் கை தட்டினார்கள். அவ்வளவு சிரிப்பையும் அவ்வளவு கைதட்டலையும் நாலாம் லைன் அதற்கு முன் கண்டதில்லை. தட்டாத இரண்டு கைகள் ஏப்ரன் பாக்கெட்டுக்குள் இருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. வந்தவர்கள் உள்ளே போனார்கள். ஆர்டரும் வந்துவிட்டது என்று மத்தியானமே செய்தி பரவியது. வயதான பெண் கொடுத்த மிட்டாய்ப் பெட்டியை பிரிஸ்கில்லா மேடம் வஜீதா கையில் கொடுத்தார், தோளைத் தட்டினார். நாலு மணி டீயோடு ஆளுக்கொரு மிட்டாய் வந்தது. ஹெப்சி தன்னுடையதைப் பிரிக்காமல் மெஷின் மேல் வைத்தாள்.

ஆறு மணி பஸ்ஸில் வஜீதா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள். ஹெப்சி உட்கார்ந்தாள். பஸ் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே வஜீதா ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மா அழுததைப் பார்த்தியா, தனகோடியக்கா நின்ற நிலையைப் பார்த்தியா, காசிநாதன் சார் முதல் தடவையா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். எல்லாம் ஹெப்சியாலதான் என்று இரண்டு தடவை சொன்னாள். அதை மனசாரத்தான் சொன்னாள்.

"அந்தத் தமிழை வெட்டினதே நல்லதாப் போச்சு. அதையும் பாடியிருந்தா தூங்கியிருப்பாங்க. மார்ச்ல இன்னொரு டீம் வருதாம், மேடம் சொல்லிட்டாங்க. நீ அந்தக் காப்பி விளம்பரம் ஒண்ணு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்னு சொன்னியே, அப்புறம் ஓடற பொண்ணுங்க..."

"தர மாட்டேன்."

வஜீதா சிரித்தாள். "இன்னாத்துக்காம்?"

"அந்தத் தமிழ் நான் எழுதினது."

"எது?"

"மூணு சரணமும். நான் எழுதினது."

வஜீதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "புக்குன்னு இல்ல சொன்னே?"

"புக்குன்னு நீங்க சொன்னீங்க. நான் சொல்லல."

"அட, சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? பத்து நாள் கூடவே குந்திட்டு இருந்தே. நான் இன்னா கடிச்சா வச்சுடுவேன்?"

"சொல்லத்தான் வந்தேன். தனகோடியக்கா கேட்டாங்க, நீங்க சொல்லிட்டீங்க. நான் கூப்பிட்டேன், நீங்க திரும்பல."  ஹெப்சியின் பேச்சு நிற்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ரெண்டாவது தடவை பாடச் சொன்னாங்க. மூணாவது தடவையும் சொன்னாங்க. மூணு தடவையும் அந்த டீயையே குடிச்சீங்க."

"அவங்க ஜப்பான்காரங்க, ஹெப்சி. நம்ம தமிழு அவங்களுக்கு எங்க புரியப் போவுது?"

"அவங்களுக்கு யாரு எழுதினாங்க? பின்னாடி நம்ம லைன் நின்னுச்சு இல்ல, அதுக்கு எழுதினேன். நாப்பது பேர் ரெண்டு மணி நேரம் கால் கடுக்க நின்னாங்க. நம்மளப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எவனோ டீ விக்கறதுக்குக் கை தட்டிட்டுப் போய்ட்டாங்க."

முன் சீட்டுக்காரிகள் மெதுவாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.  வஜீதா கைப்பையைத் திறந்தாள். உள்ளே விரல் விட்டுத் துழாவினாள். நாலாக மடித்த தாள் வெளியே வந்தது. மடிப்பில் லேசாகக் கிழிந்து, ஒரு மூலையில் மருதாணிக் கறை. அதைப் பிரித்து மடிமேல் வைத்துக்கொண்டு குனிந்தாள். பஸ் குலுக்கலில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. முதல் சரணம், இரண்டாம் சரணம். மூன்றாவதில் நின்றுவிட்டது, மேலே போகவில்லை.

ஏதாவது சொல்வாள் என்று ஹெப்சி காத்திருந்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கோபத்தில் இவ்வளவு பேசிவிட்டோமே என்ற பயம் இப்போதுதான் வந்தது. ஆனாலும் பேசியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஆம்பூர் வந்துவிட்டது. பஸ் ஓரம் கட்டி நின்றது. வஜீதா இறங்குகிற இடத்தில் எப்போதும் ஒரு கலகலப்பு இருக்கும். டிரைவரிடம் ஒரு வம்பு, கடைசி சீட்டுக்காரிக்கு ஒரு கிண்டல், வர்றேன்டி என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு கூச்சல். டிரைவரும் அதற்காகவே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். வஜீதா தாளை மடித்தாள், பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஹெப்சி முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். அவளை உரசாமல், அவள் முகத்தைப் பார்க்காமல், வஜீதா சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போனாள்.